ஸ்கேன் பி.டி.எஃப். முதல் கிண்டில் வரை: தமிழுக்கு எந்தக் கருவி தேறுகிறது?

கிண்டிலில் ஏற்றிய தமிழ்ப் புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படவில்லை. எழுத்து மங்கல், இல்லையென்றால் வெறும் கட்டங்கள். உடனே திட்டு வாங்குவது கிண்டில், அடுத்தது மின்னூல்களை மாற்றித் தரும் கேலிபர். இரண்டிலும் கோளாறு இருப்பது அபூர்வம். மாற்றும் மென்பொருள் மூலக் கோப்பில் இருப்பதைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். இணையத்தில் சுற்றும் தமிழ் பி.டி.எஃப்.களில் பலவற்றின் உள்ளே கணினிக்குத் தெரிந்த தமிழே கிடையாது. ஆகவே இங்கே கருவிகளைத் தனித்தனியாகப் புகழ்வதை விட, எந்தக் கோப்புக்கு எது சரிவரும் என்று பார்ப்பதுதான் பயன்.

எதையும் நிறுவும் முன் ஒரு சோதனை. கணினியில் பி.டி.எஃப்.பைத் திறந்து கோ, தெ, மை போன்ற எழுத்துகள் உள்ள ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் பழைய எழுத்துருக் குறியாக்கம். தமிழ் வந்தும் கொம்புகள் எழுத்துக்கு முன்னால் புள்ளிவட்டத்தோடு தொங்கினால் யூனிகோடுதான், ஆனால் வரிசை குலைந்தது. ஒழுங்காக வந்தால் மட்டுமே கேலிபரிடம் நேரே கொடுக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் இபப், மோபி, ஏஇசட்டபிள்யூ3 என்று மின்னூல் வடிவங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

கேலிபர்

கோவிட் கோயல் 2006இல் தொடங்கிய இந்த மென்பொருளுக்கு நூலக மேலாண்மையில் போட்டியே இல்லை. 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து நூலகம் முழுவதற்குமான உரைத் தேடலும் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: கேலிபர் படத்திலிருந்து எழுத்தைப் படிக்காது. ஸ்கேன் பி.டி.எஃப்.பைக் கொடுத்தால் பக்கப் படங்களை அப்படியே இபப்புக்குள் வைத்துத் தரும். அதில் தேடவும் முடியாது, எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது.

பி.டி.எஃப். உள்ளீட்டில் வரிகளை ஒட்டும் அளவு என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பு மதிப்பு 0.45. ஆங்கிலத்துக்கு அருமையாக வேலை செய்யும் இது தமிழில் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. வரியின் நீளத்தோடு கடைசி எழுத்தையும் பார்த்துத்தான் அடுத்த வரியோடு ஒட்டலாமா என்று அது தீர்மானிக்கிறது. அந்த விதிகள் லத்தீன் முதலிய சில எழுத்துமுறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விளைவு, வரிக்கு ஒரு பத்தியாக உடைந்த புத்தகம். மதிப்பைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை. முதலில் வெறும் உரையாக மாற்றுங்கள். பிறகு ரெஜெக்ஸ் (விதி கொடுத்துத் தேடி மாற்றும் முறை) தெரிந்த ஏதாவது ஓர் எடிட்டரில், முற்றுப்புள்ளியிலோ கேள்விக்குறியிலோ மேற்கோள்குறியிலோ முடியாத வரிகளை மட்டும் அடுத்த வரியோடு சேருங்கள். செய்யுள் நூலில் இதைச் செய்யவே கூடாது. அடிகள் எல்லாம் உரைநடையாகிவிடும்.

ஒட்டும்போது இன்னொரு சிக்கல் தலைகாட்டும். பழைய தமிழ் அச்சில் வரிக் கடைசியில் சொல்லை உடைக்கும்போது இணைப்புக்கோடு போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ‘கொண்டி’ ஒரு வரியிலும் ‘ருந்தான்’ அடுத்த வரியிலும் இருக்கும். ஒட்டும்போது இடைவெளி விட்டால் ‘கொண்டிருந்தான்’ என்று தேடுபவருக்கு அது என்றைக்கும் கிடைக்காது. இடைவெளி விடாமல் ஒட்டினால் சரியான இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடும். இதற்கு முழுத் தானியங்கித் தீர்வு இல்லை. பாதி வேலையை ஒரு விதி முடித்துத் தரும்: ஸ்கேன், ப்ரியா போன்ற பிறமொழிச் சொற்களை விட்டுவிட்டால் தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை, ற, ன, ண, ழ, ள வரிசைகளிலும் தொடங்குவதில்லை. அடுத்த வரி இவற்றில் ஒன்றில் தொடங்கினால் துணிந்து இடைவெளி இல்லாமல் ஒட்டலாம். ர, ல வரிசைகள் அப்படியல்ல. ராமன், லட்சுமி எல்லாம் வந்து மாட்டுவார்கள், கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மாற்றும் முன் மெட்டாடேட்டாவில் (நூல் விவரங்களில்) மொழி ‘தமிழ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பல கோப்புகளில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும்; எழுத்துருத் தேர்வும் அகராதியும் அதனால் தடுமாறும்.

கொம்பு முன்னே வரும் கோப்புகள்

வேர்டிலோ உலாவியிலோ யூனிகோடில் அடித்து பி.டி.எஃப்.பாகச் சேமித்தவற்றில் இந்தக் கோளாறு சாதாரணம். பி.டி.எஃப். சேமிப்பது எழுத்துகளை அல்ல, கண்ணுக்குத் தெரியும் வடிவங்களை, அவை தெரியும் வரிசையில். திரையில் ‘கே’வின் கொம்பு முதலில் வருகிறது, அதனால் நகலிலும் முதலில் வருகிறது. யூனிகோடு விதிப்படி ககரம் முதலில், குறி அடுத்தது. இது தலைகீழானதும் தேடல் செத்துவிடும்.

இதற்கு கேலிபரில் நூலை மாற்றும்போது திறக்கும் சாளரத்தில் உள்ள தேடி மாற்றும் பகுதி போதும், வேறு கருவி வேண்டாம். தேட வேண்டியது:

([ெேை])(க்ஷ|[க-ஹ])

மாற்றாக இட வேண்டியது:

\2\1

க்ஷவைத் தனி விதியாக எழுதாமல் ஒரே விதிக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு விதிகளாக எழுதினால், முதல் விதி சரிசெய்த கொம்பை இரண்டாவது விதி அடுத்த எழுத்தின் மேல் கொண்டுபோய் வைத்துவிடும். இதே காரணத்தால் இந்த விதியை ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். சரியாகிவிட்ட ‘கேழ்வரகு’ இரண்டாம் முறை ஓடினால் ‘கழே்வரகு’ ஆகும். ஏற்கெனவே சரியாக இருக்கும் கோப்பில் ஓட்டினாலும் இதே கதி.

அடுத்த இரண்டு விதிகள், ெ அதைத் தொடர்ந்து ா வந்தால் ொ. ே அதைத் தொடர்ந்து ா வந்தால் ோ. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ‘கோ’ என்பதை இரண்டு குறியாகவும் எழுதலாம், மூன்று குறியாகவும் எழுதலாம் என்று யூனிகோடு அனுமதிக்கிறது. இரண்டும் சமம் என்று தெரியாத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. தேடினால் சில சொற்கள் அகப்பட்டு, ‘கோவில்’, ‘தொடர்’ போன்றவை மட்டும் அகப்படாமல் போனால் காரணம் அநேகமாக இதுதான்.

ஔகார வரிசையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘மௌனம்’ என்பதற்கு ‘மெளனம்’ என்று ளகரம் போட்டு அடித்த கோப்புகள் ஏராளம். ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ என்று மொத்தமாக மாற்றினால் வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் நாசமாகும். மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், யௌவனம், கௌதமர் என்று சொல் சொல்லாக மாற்றுவதே பத்திரம். பட்டியல் சிறியதுதான்.

டி, மு, கூ போன்ற வடிவங்கள் நகலில் காணாமலே போயிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அந்த பி.டி.எஃப்.பில் வடிவத்துக்கும் எழுத்துக்குமான அட்டவணை குறைபட்டது. அதைப் படமாகக் கருதி ஓ.சி.ஆர். செய்வதே, அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பதே வழி.

பாமினி, டாப், டாம், டிஸ்கி...

இவை யூனிகோடுக்கு முந்திய குறியாக்கங்கள். நகலில் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிய கோப்பு என்றால் பி.டி.எஃப். பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கில எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். எழுத்துருவின் ஒரு பகுதி மட்டும் பொதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. மிச்சம் இருக்கும் பெயரிலேயே குறியாக்கம் தெரிந்துவிடும்: பாமினி, டாப், டாம், ஸ்ரீலிபி, வானவில். என்.எச்.எம். கன்வெர்ட்டர் இவற்றில் முக்கியமானவற்றை யூனிகோடாக்கும். விண்டோஸ் கணினிக்கு இலவசம். உலாவியிலேயே போதும் என்பவர்களுக்குச் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி இருக்கிறது. மாற்றம் வெறும் அட்டவணை வேலை என்பதால் எழுத்துப்பிழை வராது, ஓ.சி.ஆர். தரும் துல்லியத்தை விட இது எப்போதும் மேல். இந்த வகைக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நேரே ஓ.சி.ஆருக்குப் போவது நல்ல மூலத்தை வீணடிப்பது.

கெடுவது இரண்டு இடங்களில். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகிவிடும், ஏனென்றால் வெறும் உரையில் எது எந்த எழுத்துரு என்ற தகவல் இருக்காது. மூல வேர்டு கோப்பு கிடைத்தால் லிப்ரே ஆபிஸில் எழுத்துருவை வைத்தே தேடி, தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்றலாம். இரண்டாவது, வேர்டின் தானியங்கித் திருத்தம். பாமினியில் ஆங்கிலச் சிறிய கே மகரம், பெரிய கே முகரம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் ‘மரம்’ என்பது ‘முரம்’ ஆகிவிடும். வேர்டில் கைவைக்கும் முன் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு ஒரு தந்திரம்: மாற்றாத பாமினிக் கோப்பிலும் தேடலாம். ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் ‘தமிழ்’ அகப்படும்.

படமாக மட்டும் இருப்பவை

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலிருந்து எடுத்த நூல் என்றால் பி.டி.எஃப்.பை எடுக்காதீர்கள். அங்கே பி.டி.எஃப். கடுமையாகச் சுருக்கப்பட்டது, எழுத்து விளிம்புகள் கரைந்திருக்கும். பதிவிறக்கப் பட்டியலில் பக்கப் படங்களின் ஜேபி2 தொகுப்பு பல நூல்களுக்கு இருக்கும். அளவு பெரிது, ஆனால் ஓ.சி.ஆர். விளைவு கண்கூடாக மேம்படும். அந்தத் தளம் 2020 கடைசியில்தான் டெஸரக்ட் என்ற ஓ.சி.ஆர். மென்பொருளுக்கு மாறியது. அதற்கு முன் ஏறிய தமிழ் நூல்கள் பலவற்றில் படத்தோடு சேர்ந்து வரும், தேடத்தக்க உரை அடுக்கே கிடையாது.

ஸ்கேன் படங்களைச் செப்பனிடும் ஸ்கேன் டெய்லர் பக்கம் பிரித்தல், சாய்வு திருத்தல், ஓரம் வெட்டல் மூன்றிலும் நம்பகமானது. ஆனால் தமிழுக்கு ஓர் ஆபத்தை உள்ளே வைத்திருக்கிறது: புள்ளி நீக்கும் வசதி. தூசி என்று நினைத்து அது எடுப்பது பல சமயம் மெய்யெழுத்தின் புள்ளியை. ‘கல்வி’ என்பது ‘கலவி’ ஆனால் யாரைத் திட்டுவது? அந்த வசதியை முழுதாக அணையுங்கள். தூசி இருந்தால் இருக்கட்டும். பி.டி.எஃப்.புக்கு ஓ.சி.ஆர். செய்து தரும் ஓசிஆர்-மை-பிடிஎஃப்பில் உள்ள சுத்தம் செய்யும் விருப்பத்துக்கும் இதே எச்சரிக்கை. அங்கே சாய்வு திருத்தும் விருப்பத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் நீங்களே செய்வதாக இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி குறைந்தபட்சம்; அடிக்குறிப்புகள் நிறைந்த நூலுக்கு 400. சாம்பல் நிறத்தில் எடுங்கள். ஒரே மாதிரித் தெரியும் வடிவங்களை ஒன்றாக்கிச் சேமிக்கும் இழப்புள்ள ஜேபிக்2 சுருக்கத்தை ஒதுக்குங்கள். 2013இல் ஜெராக்ஸ் இயந்திரங்கள் நகலில் எண்களையே மாற்றிப் போட்ட விவகாரம் இந்த வகைச் சுருக்கத்தால்தான். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழி என்று நூலிழை வித்தியாசத்தில் பிழைக்கும் எழுத்துமுறைக்கு அது ஆகவே ஆகாது.

டெஸரக்ட் 4ஆம் பதிப்பில் நரம்பணு வலைக்கு மாறிய பின்தான் தமிழுக்கு உருப்படியானது. இப்போதைய 5ஆம் பதிப்பு போதும். மொழித் தரவில் வேகமானது, சிறந்தது என இரண்டு வகை உண்டு; நிறுவும்போது கூடவே வருவது பெரும்பாலும் வேகமானது. சிறந்ததைத் தனியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள்ளலாம். தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ‘ட’வை எல் என்றும் ‘ப’வை யு என்றும் படிக்கும் தொல்லை வரும். ஆங்கிலம் அதிகமுள்ள பக்கங்களுக்கு மட்டும் இரண்டையும் கொடுங்கள்.

டெஸரக்டை நேரே ஓட்டுவதை விட ஓசிஆர்-மை-பிடிஎஃப் வழியாக ஓட்டுவது நல்லது. படத்தைத் தொடாமல் அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத உரையை அது பரப்பும். பக்கம் அச்சில் இருந்தபடியே தெரியும், தேடவும் முடியும். ‘ஏற்கெனவே உரை இருக்கிறது’ என்று சொல்லி நின்றுவிட்டால், உள்ளே இருப்பது பழைய குப்பை உரை. கட்டாயப்படுத்தும் விருப்பத்தைக் கொடுத்தால் பக்கத்தைப் படமாக்கிப் புதிதாகப் படிக்கும். பக்கவாட்டுக் கோப்பு விருப்பத்தைச் சேர்த்தால் வெறும் உரையும் தனியே கிடைக்கும். இபப் செய்ய அதுவே மூலம். இந்தத் தொகுப்பில் அதிகம் மெச்சத் தகுந்தது இந்தக் கருவிதான். கட்டளை வரியில் இயங்குவது மட்டுமே பலருக்குத் தடை.

கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக்குவது எளிது, மங்கலான தாளில் டெஸரக்டை விடப் பெரும்பாலும் துல்லியமானது. குறை இரண்டு: 2 எம்பி அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை, அதனால் புத்தகத்தைத் துண்டு போட வேண்டும், உரை அடுக்கோடு கூடிய பி.டி.எஃப். கிடைக்காது, உரை மட்டும்தான். பக்கத் தலைப்பும் எண்ணும் உரையின் நடுவே வந்து நிற்கும். பதிப்பிக்கும் நோக்கத்தோடு மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இது. வாசித்துத் தேட மட்டும் வேண்டுபவர்களுக்கு ஓசிஆர்-மை-பிடிஎஃப்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, னை, லை, ளை ஆகியவற்றுக்குத் துதிக்கை வடிவம். றா, ணா, னா வரிசைகளுக்கும் தனி வடிவம். டெஸரக்ட், கூகுள் இரண்டும் இங்கே தடுக்கி விழும். நல்ல வேளையாக ஒரே நூலில் ஒரே மாதிரி விழும் வாய்ப்பு அதிகம். கேலிபரின் எடிட்டரில் எழுத்துப்பிழைச் சோதனையைத் திறந்தால் நூலின் எல்லாச் சொற்களும் எத்தனை முறை வருகின்றன என்ற கணக்கோடு வரிசையாக வரும். எண்ணிக்கை வாரியாக அடுக்கி, அடிக்கடி வரும் தவறுகளை முதலில் மொத்தமாகத் திருத்துங்கள். ர, ா குழப்பமும், ழ, மு குழப்பமும், ஐ, ஜ குழப்பமும் அங்கேயே பிடிபடும்.

திரையில்

உரை அடுக்கு உள்ள பி.டி.எஃப்.பைக் கிண்டிலில் அப்படியே வாசிக்க முடியுமா என்றால், திரை அளவைப் பொறுத்தது. 6 அங்குலக் கிண்டில் திரை 1072க்கு 1448 பிக்சல். அதாவது ஏறக்குறைய 3.6க்கு 4.8 அங்குலம். டெமி அளவுப் புத்தகத்தில் ஓரம் வெட்டிய பின் எழுத்துப் பரப்பின் உயரம் சுமார் 7 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், திரையில் அது 69 சதவீதமாகச் சுருங்கும். 11 புள்ளி எழுத்து ஏழரைப் புள்ளியாகும். படுக்கைவாட்டில் திருப்பி அரைப் பக்கமாகப் படிக்கலாம். 10.2 அங்குல ஸ்கிரைப் மாதிரித் திரையில் இந்தப் பிரச்சினையே இல்லை. கிண்டிலில் பி.டி.எஃப்.புக்கு என்றே மாறுபாட்டு அமைப்பு இருக்கிறது. வெளிறிய ஸ்கேனுக்கு அதைக் கூட்டுங்கள்.

சிறிய திரைதான் கையில் இருக்கிறது, ஓ.சி.ஆர். பிழைகளும் வேண்டாம் என்றால் கே2பிடிஎஃப்ஆப்ட். சொற்களைப் படத்துண்டுகளாக வெட்டித் திரை அகலத்துக்கு அடுக்கித் தரும். எழுத்து அச்சில் இருந்ததுதான், பிழைக்கு இடமில்லை. சாதனத்தின் பெயரைக் கொடுக்க மறந்தால் பழைய கிண்டிலின் குறைந்த தெளிவில் வெளியிட்டுவிடும். ‘மங்கலாக இருக்கிறது’ என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் அதுதான். கொடுத்த தாளில் ‘கீ’யின் மேல் சுழியும் மேல் வரியின் ‘கு’வின் வாலும் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வரிகளை ஒன்றாக வெட்டும். தேடல் வேண்டுபவர்களுக்கு இது அல்ல.

வாசிப்புக்கும் தேடலுக்கும் சேர்த்து முதலிடம் கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலிக்கு. கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு சாதனங்களில் நிறுவ எளிது. கிண்டிலில் ஜெயில்பிரேக் (நிறுவனம் போட்ட பூட்டை நீக்குவது) செய்தாக வேண்டும், அது எல்லா மென்பொருள் பதிப்பிலும் வாய்க்காது. அதற்காகவே கிண்டில் வாங்க வேண்டாம். நிறுவியதும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதன் எழுத்துருக் கோப்புறையில் போட்டுத் தேர்ந்தெடுங்கள். எழுத்து அமைப்பில் கெர்னிங் (எழுத்துகளை அடுக்கும் முறை) ‘சிறந்தது’ என்ற நிலையில் இருக்க வேண்டும்; வேகத்துக்காகக் குறைத்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி மாற்ற உட்கார வேண்டாம்.

தேடும்போது முழுச் சொல்லை அடிக்காதீர்கள். ‘மரம்’ என்று தேடினால் மரத்தில், மரங்கள் எதுவும் வராது. கேஓரீடரில் ‘மரத்’, ‘மரங்’ என்று துண்டாகத் தேடினால் வரும். ஓ.சி.ஆர். செய்த நூலில் நீளமான சொல்லைத் தேடுவதை விட, அதற்குள் பிழை விழ வாய்ப்பில்லாத மூன்று நான்கு எழுத்துகளைத் தேடுவது அதிகம் பிடித்துத் தரும். திரை விசைப்பலகையில் தமிழ் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. வேண்டிய சொல் வரும் ஓர் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்து, எழும் பட்டியலில் தேடலைத் தட்டினால் போதும். கிண்டிலிலும் கேஓரீடரிலும் இது உண்டு. அந்தச் சொல் வரும் இடம் கைக்கு எட்டாதபோது பயன்பட, நூலில் அடிக்கடி தேடப்போகும் பெயர்களை இபப்பின் கடைசியில் ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து சேர்த்துவிடுங்கள்.